நண்பர் கிடைத்தவர்கள் வெளியேறவும்

லாமினேஷன் மெஷினின் வாயிலிருந்து சூடாக நழுவி வந்த தாளை ஜெராக்ஸ்காரர் வழக்கம்போல ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, டியூப் லைட்டுக்கு நேராகக் காட்டிப் பார்த்தார். காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பழக்கம். படிப்பது பழக்கமில்லை. இருபத்திரண்டு வருடங்களாக லட்சக்கணக்கான தாள்கள் அவர் கைவழியே போயிருக்கின்றன. எல்லாவற்றையும் படித்திருந்தால் இந்நேரம் மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

குமிழ் இல்லை. பெயர் இருந்தது.

தங்கையின் பெயர்.

மெஷினை அணைத்துவிட்டுப் படித்தார்.

'நிறைவுச் சான்றிதழ். தோழமை வட்டத்தின் மேற்கண்ட உறுப்பினர் ஒரு நண்பரைப் பெற்றுவிட்டார் என்பது உரிய மதிப்பீட்டின் மூலம் உறுதி செய்யப்பட்டது. எனவே அவரது தனிமை இத்துடன் நிறைவடைகிறது. இனி அவர் வட்டத்துக்கு வரத் தேவையில்லை. வாழ்த்துகள்.'

கீழே இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். அதைக் கலரில் பிரிண்ட் எடுத்ததும் அவரேதான், பத்து நிமிடம் முன்னால்.

கடையின் மூலையில் உட்கார்ந்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"கை குலுக்குறாங்க. யாருக்குப் பரிசு?"

"பரிசு இல்லம்மா."

"என் பேரு மாதிரி இருக்கே."

"மாதிரிதான்" என்று சொல்லி, தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. கணக்கும் நீளமான வாக்கியங்களும் அவளிடம் நிற்காது. ஆனால் ஒருவர் சட்டையில் ஒரு பித்தான் போடாமலிருந்தால் அவளால் சும்மா நிற்க முடியாது. தெரிந்தவர், தெரியாதவர், போலீஸ்காரர் என்ற பேதமில்லை. நேராகப் போய்ப் போட்டுவிடுவாள். அதனால் வட்டத்தில் அவள் பெயர் பட்டன்.

தோழமை வட்டம் என்பது, அவளைப் போலக் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் வாரம் ஒருமுறை கூடி, கேரம் ஆடி, டீ குடித்து, பாட்டுப் போட்டு ஆடிவிட்டுக் கலைகிற இடம். நூலகத்து மாடியில் ஒரு ஹால், சனிக்கிழமை மூன்றிலிருந்து ஆறு வரை. மூன்று அம்மாக்களும் ஒரு கேரம் போர்டும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு வருடம் ஒழுங்காக நடந்தது. பிறகு கமிட்டி வந்தது.

தலைவராக வந்தவர் ஓய்வு பெற்ற தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி. வந்த அன்றே டேப்பைப் பிடித்து ஹாலை அளந்தார். தீப்பிடித்தால் அந்தக் கதவு வழியாக இருபத்தைந்து பேர்தான் உயிரோடு வெளியேற முடியும் என்று கண்டுபிடித்து, அதை எழுதிக் கதவில் ஒட்டினார். நல்ல காரியம். கமிட்டியில் பதினான்கு பேர். ஆகவே உறுப்பினர்கள் பதினொரு பேர். கமிட்டி ஒன்பதாக இருந்தபோது உறுப்பினர்கள் பதினாறு. மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள், நாற்பது பேர். அந்தப் பட்டியலைப் பராமரிப்பதற்காகத்தான் கமிட்டியில் இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

உறுப்பினர்களை எப்படிக் குறிப்பிடுவது என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடி மாற்றும். கடைசியாக வைத்த பெயர் 'மாற்று வேக நண்பர்கள்'. ஒவ்வொரு தடவையும் லெட்டர்பேடு புதிதாக அடிக்க வேண்டும். அடித்தது ஜெராக்ஸ்காரர். படிவங்கள் அடித்ததும் அவர்தான். கேரம் ஆட ஒரு படிவம், பாட்டு மாற்ற ஒரு படிவம், இடம் மாறி உட்கார ஒரு படிவம். நல்ல வாடிக்கையாளர்கள் என்றுதான் இதுவரை அவர்களைப் பற்றி நினைத்திருந்தார்.

*

வட்டத்தின் அலுவலகம் நூலகத்தில் பழைய செய்தித்தாள் அடுக்கிய அறைக்குள் ஒரு மேஜை. செயலாளர் அம்மா கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். யாரைப் பார்த்தாலும் முகம் மலர்ந்துவிடும்.

"வாங்க சார், வாங்க! சான்றிதழ் வந்துடுச்சா? குமிழ் இல்லாம வந்துச்சா?"

"மேடம், இதுல என் தங்கச்சி பேரு இருக்கு."

"ஆமா சார்! உங்களுக்கு ஃபோன் பண்ணலாம்னுதான் இருந்தேன். தலைவர்தான், வேண்டாம், அவரே லாமினேட் பண்றப்போ பாத்துக்கட்டும், ஒரு சர்ப்ரைஸா இருக்கும்னாரு. இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். அவளை ஏன் அனுப்புறீங்க?"

"அனுப்பலை சார், நிறைவு. காய்ச்சல் விட்டவங்களை ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருப்பாங்களா? தனிமை விட்டுடுச்சு, டிஸ்சார்ஜ் பண்றோம்." மேஜை இழுப்பறையிலிருந்து தடிமனான பதிவேட்டை எடுத்து விரித்தார். "நாங்க எதையும் வாய்க்கு வந்தபடி சொல்றதில்லை. பாருங்க, ஒரு வருஷக் கண்காணிப்பு. உங்க தங்கச்சியும் டிராலிங்கிற அந்தத் தம்பியும். பித்தான் சரி செய்தது, ஐம்பத்திரண்டு முறை. பிஸ்கட் பகிர்ந்தது, முப்பத்தெட்டு. சேர்ந்து சிரிச்சது நூத்துப் பன்னெண்டு."

"எதுக்குச் சிரிச்சாங்களாம்?"

"காரணம் தெரியவில்லைன்னு நேர்மையா எழுதியிருக்கோம் சார்."

டிராலி ஒரு பெரிய கடையில் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகும் வேலையில் இருப்பவர். முப்பத்தெட்டு வயது. இரண்டு பஸ் மாறித் தனியாக வருவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டையில் ஒரு பித்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டு வந்து, பட்டன் முன்னால் நிமிர்ந்து நிற்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு முழுவதையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவாள். இரண்டு வருடமாக ஒரு வாரம் தவறவில்லை. அவர் வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டனுக்கும் தெரியும்.

"மேடம், அவளுக்கு இருக்கிற ஒரே ஃப்ரெண்டு இங்கதான் இருக்காரு. இங்க வரலைன்னா அந்த ஃப்ரெண்டே இல்லையே."

"அப்படி ஆயிடுச்சுன்னா மறுபடி விண்ணப்பிக்கலாம் சார். கதவு திறந்துதான் இருக்கும். நாப்பத்தொண்ணாவது நம்பர்."

"இப்ப என்ன மேடம் அவசரம்?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "கமிட்டிக்குப் புதுசா ஒருத்தரை எடுக்கிறோம். மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். பெரிய படிப்பு படிச்சவரு. அவர் வந்தா இருபத்தாறு ஆயிடும். தலைவர் தீ விஷயத்துல சமரசமே பண்ணமாட்டாரு. உறுப்பினர்களோட உயிர்தானே முக்கியம்? அதான் ஒருத்தரைக் குறைக்கிறோம்."

ஜெராக்ஸ்காரர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கங்களுக்குக் கோடு போட்டு பைண்டு செய்து கொடுத்ததும் தான்தான் என்பது அட்டையின் தையலைப் பார்த்ததும் தெரிந்தது.

"வழியே இல்லையா மேடம்?"

"நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா சார்? மறுமதிப்பீடு இருக்கு. சனிக்கிழமை கமிட்டி முன்னாடி வந்து, தனக்கு நண்பர்னு யாரும் இல்லைன்னு அவங்க வாயாலேயே சொல்லட்டும். பதிவேட்டை விட வாய்மொழிக்குத்தான் நாங்க மதிப்புக் கொடுப்போம். உறுப்பினர்களோட குரல் முக்கியம் சார் எங்களுக்கு." ஒரு படிவத்தை நீட்டினார். "பதினஞ்சு பிரதி வேணும். உங்க கடைதானே, எடுத்துக்குங்க."

*

அன்று சாயங்காலம் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடினார். வீட்டில் அவரும் தங்கையும் மட்டும்தான். சாப்பாட்டு மேஜையில் அவளை எதிரே உட்கார வைத்தார்.

"ஒரு விளையாட்டு. நான் கேள்வி கேப்பேன், நீ பதில் சொல்லணும். உனக்கு ஃப்ரெண்டு யாராவது இருக்காங்களா?"

"டிராலி."

"இல்லைன்னு சொல்லணும்."

பட்டன் முகம் வெளுத்தது. "ஏன், டிராலி செத்துட்டாரா?"

"ஐயையோ, இல்லம்மா. நல்லாத்தான் இருக்காரு. ஆனா ஃப்ரெண்டு இல்லைன்னு சொல்லணும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப நீயே சொல்லு. உனக்குத்தான் யாரும் இல்ல."

அது உண்மையாக இருந்ததால் ஜெராக்ஸ்காரர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இங்க பாரு. இல்லைன்னு சொன்னா சனிக்கிழமை போகலாம். இருக்குன்னு சொன்னா இனிமே போகவே முடியாது. புரியுதா?"

சனிக்கிழமை என்பது அவளுக்குப் புரிகிற சொல். நாள்காட்டியில் மற்ற ஆறு நாட்களையும் அவள் சனிக்கிழமைக்கு எத்தனை தூரம் என்றுதான் பார்ப்பாள்.

"சனிக்கிழமை போகணும்" என்றாள்.

"அப்ப சொல்லு. ஃப்ரெண்டு இருக்காங்களா?"

"...இல்ல."

"என்னைப் பார்த்துச் சொல்லு. தெளிவா."

"இல்ல."

"யாருமே இல்லையா?"

"யாருமே இல்ல."

"சூப்பர்! அங்க போனதும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கோ. டிராலி எப்படி வந்தாலும் பட்டனைத் தொடக் கூடாது. தொட்டா எழுதிக்குவாங்க."

பதினோரு தடவை பயிற்சி கொடுத்தார். பதினோராவது தடவை அவள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "வெரி குட்" என்று சொன்னபோது தன் குரல் செயலாளர் அம்மாவின் குரல் மாதிரியே ஒலித்ததை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

*

சனிக்கிழமை ஹாலுக்குள் ஜெராக்ஸ்காரர் கால் வைத்ததுமே தலைவர் கையைத் தூக்கினார். விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"இருபத்தாறு! சார், நீங்க விண்ணப்பதாரரோட அண்ணன், இருந்தாகணும். கமிட்டிக்குக் குறைஞ்சபட்ச எண்ணிக்கை பதினாலு, நாங்களும் இருந்தாகணும். ஆக..."

கேரம் போர்டு பக்கம் ஐம்பத்தேழு வயதுக்காரர் ஒருவர், எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் கேப்டன் என்று பெயர், தானாகவே எழுந்தார். இது அவருக்குப் பழக்கம். வராந்தாவில் போய் நின்றுகொண்டார். கதவைச் சாத்தினார்கள்.

தலைவர் எழுந்து கண்ணாடியைச் சரி செய்தார்.

"அன்பு நெஞ்சங்களே. யாரையும் வெளியே நிறுத்தாத ஒரு சமுதாயம், அதுதான் நம் வட்டத்தின் கனவு."

கதவு தட்டப்பட்டது.

"பேச்சு முடியட்டும்!" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "இந்தக் குழந்தைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க இந்த உலகத்துக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது. இந்த ஆண்டு மட்டும் இவர்களைப் பற்றி நாற்பத்து நான்கு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். அதில் எத்தனை கூட்டங்களில் இவர்கள் தொந்தரவு செய்தார்கள்? ஒன்றில்கூட இல்லை. ஏனென்றால் அந்த நேரங்களில் இவர்களை அன்போடு வராந்தாவில் உட்கார வைத்திருந்தோம்."

பதின்மூன்று பேர் கை தட்டினார்கள். கேப்டன் வெளியிலிருந்து தட்டினார். கையா கதவா என்று தெரியவில்லை.

"சார், பாத்ரூம் சாவி உள்ள இருக்கு" என்று கேப்டனின் குரல் கேட்டது.

"அடுத்த அம்சம், மறுமதிப்பீடு" என்றார் தலைவர்.

கமிட்டியின் மதிப்பீட்டாளர் டை கட்டிய இளைஞர். மடியில் கணினி. நட்பு இருக்கிறதா இல்லையா என்பதைத் துல்லியமாக அறிய, பட்டனையும் டிராலியையும் நேருக்கு நேராக, நான்கடி இடைவெளியில் உட்கார வைத்திருந்தார். டிராலி அன்று சட்டையில் இரண்டு பித்தான்களைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம் காலர் காது வரை ஏறியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, காத்திருந்தார்.

பட்டன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கண் டிராலியின் காலரிலேயே இருந்தது.

டிராலி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார், அவளுக்கு எட்டவில்லையோ என்று.

"நகரக் கூடாது" என்றார் மதிப்பீட்டாளர். பிறகு பட்டனைப் பார்த்தார். "உங்களுக்கு நண்பர் என்று யாராவது இருக்கிறார்களா?"

பட்டன் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். ஜெராக்ஸ்காரர் லேசாகத் தலையசைத்தார்.

"இல்ல."

டிராலியின் முகத்தில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்படியே நின்றது. இது விளையாட்டின் ஒரு பகுதியா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"யாருமே இல்லையா?"

"யாருமே இல்ல. சனிக்கிழமை வரணும்."

"இரண்டாவது வாக்கியம் கேள்விக்குத் தொடர்பில்லாதது. நீக்கப்படுகிறது" என்று சொல்லித் தட்டினார் மதிப்பீட்டாளர். "தனிமை உறுதி. உறுப்பினர் தொடரலாம்."

கை தட்டல். செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், யாருமே இல்லையாம்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம், மனம் நிறைந்து.

ஜெராக்ஸ்காரர் மூச்சு விட்டார். ஜெயித்தாயிற்று.

அப்போதுதான் தலைவர் மறுபடி எண்ணத் தொடங்கினார். "ஒருங்கிணைப்பாளர் அடுத்த வாரம் வர்றாரே. அப்ப யாராவது ஒருத்தர் நிறைவாகணுமே?"

மதிப்பீட்டாளர் நாற்காலியைத் திருப்பாமலேயே முகத்தை மட்டும் திருப்பினார். டிராலி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வசதியாக இருந்தது.

"உங்களுக்கு நண்பர் இருக்கிறாரா?"

டிராலிக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"இருக்காங்க."

"யார்?"

விரலால் காட்டினார்.

"அவர்தான் தனக்கு நண்பர் யாருமில்லை என்று இப்போது சொன்னாரே?"

டிராலி யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடு அசையும். ஹாலே காத்திருந்தது.

"எனக்கு இருக்காங்க" என்றார் கடைசியில். "அவங்களுக்குத்தான் யாரும் இல்ல."

அன்றைக்கு மிக நீண்ட கை தட்டல் அதற்குத்தான் விழுந்தது. ஒருபக்க நட்பும் விதிப்படி நட்பே என்று தலைவர் தீர்ப்பளித்தார். டிராலியை மேடையேற்றி, பொன்னாடைக்குப் பதில் வட்டத்தின் பனியனைப் போட்டுவிட்டார்கள், கோணல் சட்டைக்கு மேலேயே. குழுப்படம் எடுக்கும்போது படமெடுத்த கமிட்டிக்காரர் பட்டனை அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார். செயலாளர் தடுத்து, இரண்டாவது வரிசைக்கு அனுப்பினார். பதிவேட்டுக்கும் படத்துக்கும் முரண்பாடு வந்துவிடக் கூடாதாம்.

புறப்படும்போது டிராலி எல்லோருக்கும் கை கொடுத்தார். பட்டன் முன்னால் வந்து நின்றார். நாற்காலிக்குத் திரும்பி மறுபடி தொடைக்கு அடியில் வைத்திருந்த கைகளை அவள் வெளியே எடுக்கவில்லை.

"பரவால்ல" என்றார். "உனக்கும் யாராவது கிடைப்பாங்க."

திங்கட்கிழமை செயலாளர் கடைக்கு ஃபோன் செய்தார். "சார், அதே சான்றிதழ்தான். பேரை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

மாற்றிக் கொடுத்தார். குமிழ் இல்லாமல்.

*

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு அழைத்துவரப் போனபோது பட்டன் படிக்கட்டில் தனியாக நின்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"டிராலி நாற்காலியில ஒரு புது ஆளு உக்காந்திருக்காரு. அவருக்கு எல்லாப் பட்டனும் சரியா இருக்கு."

"அவருதாம்மா மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்."

"டிராலி எப்ப வருவாரு?"

"வரமாட்டாரும்மா."

"இல்லைன்னு சொன்னா வரலாம்னு நீதானே சொன்ன."

"நீ வரலாம்னு சொன்னேன்."

பட்டன் ஒரு செருப்பைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தாள். "டிராலி இல்லன்னா நான் எதுக்கு வரணும்?"

ஒரு குழந்தை கேட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். முப்பத்து மூன்று வயதுப் பெண் கேட்டாள். அவளுடைய சனிக்கிழமையைக் காப்பாற்றுகிறேன் என்று அதற்குள்ளிருந்த மனிதரை எடுத்து வெளியே போட்டிருக்கிறோம் என்பது ஜெராக்ஸ்காரருக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனார். செயலாளரும் தலைவரும் இருந்தார்கள்.

"மேடம், சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அன்னைக்கு என் தங்கச்சி சொன்னது பொய். நான்தான் சொல்லச் சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் உயிரான ஃப்ரெண்டுங்க. டிராலியைத் திரும்ப எடுத்துக்குங்க. தப்பு என் மேலதான்."

தலைவர் மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"பொய்யா? அந்தக் குழந்தையா?"

"ஆமா சார்."

"கேக்கிறவங்க எதை எதிர்பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, தனக்கு லாபம் வர்ற மாதிரி, முகம் மாறாம, கமிட்டி முன்னாடியே பொய் சொல்லிச்சா?"

"நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன். பதினோரு தடவை."

"மேடம், கையேட்டை எடுங்க!" தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "எட்டாம் நிலை! முழுச் சமூகத் திறன்! இதுக்கு மேல சமுதாயத்துல கலக்கிறதுக்கு என்ன இருக்கு? நான் முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலையில பாதுகாப்பு அறிக்கை எழுதினேன். இதேதான் சார் பண்ணினேன்! உங்க தங்கச்சி பூரணமாயிட்டாங்க. உடனடி நிறைவு!"

"சார், டிராலியை..."

"அவரு ஏற்கெனவே நிறைவாயிட்டாரே. நிறைவானவரை எப்படிக் குறைக்கிறது?" தலைவர் விரல்விட்டு எண்ணினார். "இவங்க போனா இருபத்து நாலு. ஒரு இடம் காலி. சார், நீங்க வாங்களேன் கமிட்டிக்கு! பதினோரே தடவையில எட்டாம் நிலைக்குக் கொண்டுவந்திருக்கீங்க. உங்களை மாதிரிப் பயிற்சியாளருங்கதான் எங்களுக்கு வேணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

செயலாளர் அம்மா அவரை வாசல் வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனுஷி. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? அவங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஒட்டுதல்னா வீட்டுலயே பாத்துக்கலாமே. இத்தனை வருஷத்துல நீங்க அவரை ஒரு தடவைகூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லையா?"

"விதி இருக்கே மேடம். உறுப்பினர்கள் முகவரி பரிமாறக் கூடாதுன்னு."

"அதையெல்லாம் யாரு சார் படிக்கிறா?" என்று சிரித்தார். "நீங்களே படிக்காமத்தானே பிரிண்ட் போட்டீங்க."

அந்த விதி அவர் கண்ணிலேயே பட்டது மறுமதிப்பீட்டுப் படிவத்தைப் படித்தபோதுதான். அதற்கு முன்பே டிராலி அவரிடம் கேட்டிருக்கிறார். நூலக வாசலில், இரண்டு தடவை. 'அண்ணா, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரட்டுமா?' இரண்டு தடவையும் 'பாக்கலாம்பா, வேலை இருக்கு' என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அடுக்குமாடியில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் ஒருத்தி இருப்பது போதாதா என்று நினைத்திருந்தார். நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறியதில்லை.

முகவரி என்னவோ அவரிடமே இருந்தது. உறுப்பினர் படிவங்களை நகலெடுக்கும்போது மெஷினுக்குள் சிக்கிக் கசங்கிய தாள்களை, பின்பக்கம் வெறுமையாக இருப்பதால், கடையில் கட்டி வைத்திருப்பார். கட்டை அவிழ்த்து அரைமணி நேரம் தேடியதில் டிராலியின் படிவம் கிடைத்தது. பாதித் தாளில் மை அப்பியிருந்தது. முகவரி தெளிவாக இருந்தது.

*

சனிக்கிழமை மூன்று மணி. மூன்றாவது மாடி. பட்டன் ஒரே ஓட்டமாக ஏறிவிட்டாள். ஜெராக்ஸ்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் வந்தார். கமிட்டி எப்படி, விதி எப்படி, தனக்கு வேறு வழியில்லாமல் போனது எப்படி என்று பஸ்ஸில் வரும்போதே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் பாதி தேய்த்த பாத்திரம்.

"யாரு வேணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டன் பேசிவிட்டாள்.

"ஃப்ரெண்டு இல்லைன்னு அண்ணன்தான் சொல்லச் சொன்னான். நான் சொல்லிட்டேன். அது பொய்."

அந்த அம்மா பட்டனைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"அது வந்தும்மா... கமிட்டியில..." என்று ஆரம்பித்தார். அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுகூட வரவில்லை.

உள்ளேயிருந்து டிராலி வந்தார். தலை கலைந்திருந்தது. பகலில் படுத்துத் தூங்கியிருக்கிறார், சனிக்கிழமை பகலில். பட்டனைப் பார்த்தார்.

"பொய்யா?"

"பொய்."

உதடு அசைந்தது. "அப்ப உனக்கும் இருக்கா?"

"இருக்கு."

டிராலி கதவை அகலத் திறந்தார். பட்டன் உள்ளே போனாள். அம்மா வழிவிட்டார். டிராலி வாசலிலேயே நின்று ஜெராக்ஸ்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கேட்டார்.

"அண்ணனும் வரணுமா?"

பட்டன் யோசித்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"வேணாம்" என்றாள். "ஆறு மணிக்கு வரட்டும்."

"ஆறு மணிக்கு வாங்கண்ணா" என்றார் டிராலி, மரியாதையாக. கதவு சாத்திக்கொண்டது.

ஜெராக்ஸ்காரர் மாடிப்படியில் உட்கார்ந்தார். ஆறு மணி வரை போவதற்கு அவருக்கு இடம் எதுவும் இல்லை. உள்ளே பட்டன் ஏதோ திட்டுவது கேட்டது. பிறகு இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை.

மேல்மாடிக்குக் காய்கறிப் பையோடு ஏறி வந்த ஒருவர் அவரைக் கடக்க முடியாமல் நின்றார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"என் தங்கச்சி உள்ள இருக்கா."

"அப்ப உள்ள போய் உக்கார வேண்டியதுதானே? ஏன் படியில உக்காந்திருக்கீங்க?"

ஜெராக்ஸ்காரர் எழுந்து சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்.

"கூப்பிடலைங்க" என்றார்.